வெவ்வேறு காலத்து ஆணழகர்களை ஒரே மேடையில் நிறுத்த முடியுமா?

இரும்புத்தூசி எழுதியது:

சில நாட்களாக ஒரு படம் கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கிறது. தொழில்முறை ஆணழகர்களின் தலையாய பட்டமான மிஸ்டர் ஒலிம்பியாவை வெவ்வேறு காலத்தில் வென்ற அர்னால்ட் ஸ்வார்ஸ்னேகர், லீ ஹேனி, டோரியன் யேட்ஸ், ரோனி கோல்மன் ஆகிய நால்வரையும் தனித்தனிப் படங்களிலிருந்து வெட்டி எடுத்து, ஒரே மேடையில் தோளோடு தோள் நிற்பதைப் போல ஒட்டி, அடியில் 'யார் வெல்வார்?' என்று கேட்டிருக்கிறார்கள். பதில் சொன்னவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் எந்த விதியின்படி வெல்வார் என்று ஒருவரும் திருப்பிக் கேட்டதாகத் தெரியவில்லை.

1901ஆம் ஆண்டு லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில், ஆணழகுக் கலையின் முன்னோடியான யூஜின் சாண்டோ நடத்திய போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவர்களாக அமர்ந்தவர்கள் சாண்டோவும், எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயிலும், ஒரு சிற்பியும். வெறும் பருமனுக்குப் பரிசு இல்லை என்பது அங்கே விதி; உறுப்புகளுக்கிடையே பொருத்தம், தசையின் உறுதி, பொதுவான உடல்நலம், தோலின் நிலை வரை கணக்கில் எடுத்தார்கள். 1977 முதல் மிஸ்டர் ஒலிம்பியா வெற்றியாளருக்கு அந்தச் சாண்டோவின் உருவச்சிலைதான் வழங்கப்படுகிறது. இன்றைய மேடையில் அச்சிலையில் இருக்கும் மனிதரே உயிரோடு வந்து நின்றால், முதல் சுற்றிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

எடையைப் பாருங்கள். அர்னால்ட் 188 செ.மீ. உயரம், அவருடைய சிறந்த ஆண்டுகளில் மேடை எடை ஏறத்தாழ 107 கிலோ. கோல்மன் 180 செ.மீ. உயரம், 2003இல் அவர் மேடையேறிய எடை ஏறத்தாழ 130 கிலோ. எட்டு சென்டிமீட்டர் குறைந்தவர் இருபது கிலோவுக்கு மேல் கூடுதலாகச் சுமந்து நிற்கிறார் என்றால், முதல் போஸ் கொடுப்பதற்கு முன்பே முடிவு தெரிந்துவிடுகிறது. அப்படிப்பட்ட போட்டியில் எனக்கு ஆர்வம் இல்லை.

ஆகவே ஒவ்வொருவரையும் அவரவர் காலத்து எதிராளிகளோடுதான் ஒப்பிட வேண்டும் என்பது என் கருத்து. தன் காலத்து இரண்டாம் இடத்தைவிட எவ்வளவு தூரம் விலகி நின்றார் என்பதே அளவுகோல். அந்தக் கணக்கில் 1984 முதல் 1991 வரை எட்டு மிஸ்டர் ஒலிம்பியா பட்டங்களையும் தொடர்ச்சியாக வென்று, ஒருமுறைகூடப் பட்டத்தை இழக்காமல் தானே விலகிக்கொண்ட ஹேனியை முதலில் வைப்பேன். கோல்மனும் 1998 முதல் 2005 வரை எட்டு வென்றார். ஆனால் 2006இல் ஜே கட்லரிடம் தோற்றுத்தான் இறங்கினார்.

மேடைவிளக்கு எழுதியது:

ஐயா, தங்கள் அளவுகோல் கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. மிஸ்டர் ஒலிம்பியா வெற்றியாளர் பட்டியலின் மேல் வைத்துப் பார்த்தால் முதல் சில ஆண்டுகளிலேயே முறிந்துவிடுகிறது. 1968இல் செர்ஜியோ ஒலிவா மிஸ்டர் ஒலிம்பியா பட்டத்தை எதிர்த்து நிற்க ஆள் இல்லாமலே பெற்றார். 1971இல் பாரிஸில் அர்னால்டுக்கும் அதுவே நடந்தது: மேடையில் அவர் ஒருவர்தான். இரண்டாம் இடத்தில் ஆளே இல்லாதபோது 'விலகி நின்ற தூரம்' எவ்வளவு என்று எப்படிக் கணக்கிடுவீர்கள்?

இதைவிடச் சுவையானது அதே 1971இல் லண்டனில் நடந்தது. வேறோர் அமைப்பின் மிஸ்டர் யூனிவர்ஸ் மேடையில் பில் பேர்ல், ஒலிவா, ரெஜ் பார்க் மூவரும் நின்றார்கள். நாற்பது வயதான பேர்ல் வென்றார். அந்த ஆண்டின் தலைசிறந்த உடல் பாரிஸில் இருந்ததா, லண்டனில் இருந்ததா என்பதற்கே விடை இல்லாதபோது, இருபது முப்பது ஆண்டு இடைவெளியைப் பற்றி எதற்குப் பேச வேண்டும்?

என்னைக் கேட்டால், பட்டங்களின் எண்ணிக்கையைவிட உடலைப் பார்ப்பதுதான் நேர்மை. 2003ஆம் ஆண்டுக் கோல்மனின் முதுகை ஒருமுறை பார்த்தவர்களுக்கு மற்றவை எல்லாம் முன்னுரையாகத்தான் தோன்றும்.

மூன்றாம்வரிசை எழுதியது:

முதுகைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் நானும் சொல்கிறேன். மேடையில் முன்பக்கம் வெல்பவர்கள் பலர். திரும்பச் சொன்ன பிறகும் வெல்பவர்கள் சிலர். பழைய படங்களில் அர்னால்டின் பக்கவாட்டு மார்பு போஸைப் பார்க்கும்போது, விலா எலும்பின் மேல் மார்பு ஒரு தட்டுப் போல எழுந்து நிற்பதையும், மேற்கையின் பைசெப்ஸ் தனிக் குன்றாக உச்சி கண்டிருப்பதையும் பார்த்து இன்றும் மூச்சு நிற்கிறது. அவரையே திருப்பி நிறுத்தினால் மேல்முதுகு அபாரமாக இருக்கும். இடுப்புக்கு மேலே, முதுகெலும்பின் இரு பக்கமும், பிற்காலத்தவரிடம் மரக்கிளைகளைப் போல விரியும் அந்தக் கோடுகள் அந்த அளவுக்கு இருக்காது. பின்தொடையும் அப்படித்தான்.

இதை அவருடைய குறை என்று எழுதுபவர்களோடு நான் உடன்படவில்லை. அன்றைக்கு அதை யாரும் கேட்கவில்லை. 1980களின் நடுவில் ரிச் காஸ்பரி புட்டத் தசைகளில்கூட வரிவரியாக வெட்டு, அதாவது கொழுப்பின்றித் தசை தனித்தனியே பிரிந்து நிற்பது, தெரியும்படி மேடையேறினார். ஹேனியை வெல்ல முடியாமல் 1986 முதல் 1988 வரை மூன்று முறை இரண்டாம் இடம்தான் பெற்றார். ஆனால் அவர் காட்டிய பிறகு நடுவர்களின் கண் அந்த இடத்துக்குப் போகப் பழகிவிட்டது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அங்கேயும் கொழுப்பை உருக்க வேண்டியதாயிற்று. தோற்றவர் ஒருவர் வினாத்தாளையே மாற்றிவிட்டுப் போனார். அந்தப் புதிய வினாத்தாளை 1974ஆம் ஆண்டு மாணவரிடம் கொடுத்து மதிப்பெண் போடுவது என்ன நியாயம்?

இருட்டறை எழுதியது:

நான் மேடை ஏறியவன் அல்லன், நிழற்படம் எடுப்பவன். இங்கே எல்லோரும் உடல்களை ஒப்பிடுவதாக எண்ணிக்கொண்டு படங்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஒரு சோதனையைச் சொல்கிறேன். விளக்கை நேர் எதிரே வைத்து என் முழங்கைக்குக் கீழ்ப்பகுதியை ஒரு படம் எடுத்தேன். பிறகு அதே விளக்கைத் தலைக்கு மேலே சற்றே பின்னால் உயர்த்தி, கையில் துளி எண்ணெய் தடவி, இன்னொரு படம் எடுத்தேன். இடையில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முதல் படத்தில் அது மாவுருண்டை போன்ற கை. இரண்டாவதில் மணிக்கட்டிலிருந்து மேலே ஓடும் ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு நிழல் விழுந்திருந்தது. தசைக்கும் தசைக்கும் நடுவே பள்ளம் தெரிந்தது. இரண்டையும் நண்பர் ஒருவரிடம் காட்டினேன். மூன்று மாதம் நன்றாகப் பயிற்சி செய்திருக்கிறீர்கள் என்று பாராட்டினார். நானும் மறுக்கவில்லை.

யேட்ஸின் 1993ஆம் ஆண்டுப் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். போட்டிக்குச் சில வாரங்கள் முன்பு, பர்மிங்காமில் அவருடைய பயிற்சிக்கூடத்தில் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டவை. அவர் உடல் மாபெரும் உடல்தான். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கறுப்பு வெள்ளையில் தோலின் நிறம் போய்விடுகிறது, வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சுகின்றன, மனிதன் கருங்கல்லாகிவிடுகிறான். அந்தப் படத்தை எழுபதுகளில் வெயிலில் எடுத்த அர்னால்டின் வண்ணப் படத்தோடு அருகருகே வைப்பவர், பாதி யேட்ஸையும் பாதி விளக்கையும் அர்னால்டுக்கு எதிராக நிறுத்துகிறார்.

குட்டைப்பயில்வான் எழுதியது:

என் பெயரே சொல்லும், நான் எந்தக் கட்சி என்று. இங்கே எடையை எல்லோரும் பேசுகிறீர்கள். உயரத்தைப் பற்றி இரும்புத்தூசி ஐயா ஒரு வரி சொன்னதோடு சரி.

நீண்ட எலும்பின் மேல் தசையைப் பரப்புவதும், குறுகிய எலும்பின் மேல் குவிப்பதும் வெவ்வேறு வேலைகள். ஒரே அளவு தசையைப் போட்டால் குள்ளமானவரின் கை உருண்டு திரளும். உயரமானவரின் கை நீண்டு ஒல்லியாகத் தெரியும். ஆனால் இருவரையும் அருகருகே நிறுத்தினால், கூட்டத்தின் கண் முதலில் உயரமானவரிடம்தான் போகும். இந்தச் சிக்கலைப் போட்டி நடத்தியவர்களே உணர்ந்திருந்தார்கள். மிஸ்டர் யூனிவர்ஸ் போட்டியில் உயரப் பிரிவுகள் இருந்தன. ஐந்தடிக்கும் குறைவான மனோகர் ஐச் 1952இல் தன் பிரிவில் வென்றது அப்படித்தான். மிஸ்டர் ஒலிம்பியாவிலும் 1974 முதல் 1979 வரை 200 பவுண்டுக்கு மேல், கீழ் என்று இரு பிரிவுகள் வைத்தார்கள். 165 செ.மீ. உயரமுள்ள பிராங்கோ கொலும்பு 1974, 1975 இரு ஆண்டும் கீழ்ப் பிரிவை வென்றார். ஒட்டுமொத்தப் பட்டம் இரண்டு முறையும் அர்னால்டுக்கே போயிற்று. அர்னால்ட் விலகிய 1976இல் கொலும்புக்குக் கிடைத்தது.

இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு, மறைக்க மாட்டேன். 1968இல் மயாமியில் நடந்த மிஸ்டர் யூனிவர்ஸ் போட்டியில், தன்னைவிட உயரமும் எடையும் மிகுந்த அர்னால்டைப் பிராங்க் சேன் வென்றார். பருமன் மட்டும் போதாது, வெட்டும் வேண்டும் என்று அர்னால்டுக்கு உணர்த்திய தோல்வி அது. அதே சேன் 1977 முதல் 1979 வரை மூன்று முறை மிஸ்டர் ஒலிம்பியா ஆனபோது அவருடைய எடை ஏறத்தாழ 84 கிலோ. வயிற்றை முதுகோடு ஒட்டுமளவுக்கு உள்ளிழுத்துக்கொண்டு இரு கைகளையும் தலைக்குப் பின்னால் கோத்து நிற்பாரே, அந்த ஒரு போஸை 130 கிலோக்காரர் எவரும் அவரைப் போலச் செய்துகாட்டட்டும், பிறகு பேசலாம்.

மேடைவிளக்கு எழுதியது:

எல்லோரும் சுற்றி வளைத்துப் பேசுகிறீர்கள். நடுவில் கிடக்கும் பொருளைத் தொடாமல் போகிறீர்கள். மருந்து.

டெஸ்டோஸ்டிரோன் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டது 1935இல். தசையை வளர்க்கும் ஸ்டீராய்டு வகையான டயானபால் மாத்திரை சந்தைக்கு வந்தது 1958இல். செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட வளர்ச்சி ஹார்மோன் 1985இல் அனுமதி பெற்றது. தொண்ணூறுகளில் இன்சுலினும் சேர்ந்தது. இந்த ஆண்டுகளை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு வெற்றியாளர்களின் படங்களை வரிசையாகப் பாருங்கள், விளக்கம் தேவைப்படாது. 1947இல் மிஸ்டர் அமெரிக்கா ஆன ஸ்டீவ் ரீவ்ஸையும் 1990களின் எவரையும் ஒப்பிடுவது, ஒரே விளையாட்டுக்குள் ஒப்பிடுவதே அல்ல.

நான் முதலில் கோல்மன் என்று சொன்னவன்தான். அதை இப்போதும் மாற்றவில்லை. ஆனால் அதில் எவ்வளவு கோல்மன், எவ்வளவு மருந்தகம் என்று கேட்டால் பிரித்துக் காட்ட என்னால் முடியாது. ஒன்றே ஒன்று சொல்லலாம். 1990இல் மிஸ்டர் ஒலிம்பியா போட்டியில் ஊக்கமருந்துச் சோதனை வைத்தார்கள். அந்த ஆண்டும் வென்றவர் ஹேனிதான். இரும்புத்தூசி ஐயா தம் வாதத்துக்கு இதைப் பயன்படுத்தியிருக்கலாம். ஏன் விட்டுவிட்டார் என்று தெரியவில்லை.

இரும்புத்தூசி எழுதியது:

மறந்துபோய்த்தான் விட்டேன்; எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. 1971ஐப் பற்றி நீங்கள் சொன்னதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆள் இல்லாத மேடையில் தூரம் அளக்க முடியாது. என் அளவுகோலைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் இரண்டு நாளாக இதை மனத்தில் போட்டு உருட்டியதில், நாம் யாரும் பார்க்காத ஒன்று கண்ணில் பட்டது. காலங்கள் ஒன்றையொன்று தொடாதவை என்று எடுத்துக்கொண்டே பேசிக்கொண்டிருக்கிறோம். அவை மேடையிலேயே தொட்டிருக்கின்றன. 1948இல் லண்டனில் ஜான் கிரிமெக்கும் அவரைவிடப் பதினாறு வயது இளையவரான ரீவ்ஸும் மிஸ்டர் யூனிவர்ஸ் பட்டத்துக்கு மோதினார்கள், மூத்தவர் வென்றார். 1970இல் அதே லண்டனில் அர்னால்ட், சிறுவயதிலிருந்து யாரைப் பார்த்து வளர்ந்தாரோ அந்த ரெஜ் பார்க்கோடு நின்றார். இம்முறை இளையவர் வென்றார்.

இப்போது அந்த ஒட்டுப் படத்துக்கு வருவோம். 1991இல் ஆர்லாண்டோவில் ஹேனியும் யேட்ஸும் உண்மையாகவே ஒரே மேடையில் நின்றார்கள். ஹேனி முதலிடம், யேட்ஸ் இரண்டாமிடம். யேட்ஸ் பட்டம் வைத்திருந்த ஆண்டுகளில் கோல்மன் பலமுறை அதே மேடையில் அவருக்குக் கீழே நின்றிருக்கிறார். 1997இல் கோல்மனுக்குக் கிடைத்தது ஒன்பதாம் இடம். ஆக, நடுவர்களின் தீர்ப்புப்படி ஹேனி யேட்ஸை வென்றவர், யேட்ஸ் கோல்மனை வென்றவர். அப்படியிருக்க, படத்துக்குப் பதில் எழுதியவர்களில் பெரும்பாலோர் கோல்மன் மூவரையும் வெல்வார் என்கிறார்கள்.

இது முரண்போலத் தோன்றினாலும் முரண் அல்ல. 1991ஆம் ஆண்டு யேட்ஸ் வேறு, 1993ஆம் ஆண்டு யேட்ஸ் வேறு. 1992இலிருந்து 1993க்குள் மேடை எடையிலேயே ஏறத்தாழ ஏழு கிலோ கூட்டி, வெட்டும் குறையாமல் வந்தார். ஒன்பதாம் இடத்துக் கோல்மனும் மறு ஆண்டு முதலிடத்துக் கோல்மனும் ஒரே பெயரைக் கொண்ட இரண்டு உடல்கள். 2001இல் அர்னால்டின் பெயரில் நடக்கும் அர்னால்ட் கிளாசிக் போட்டியில் வென்ற கோல்மனை, 2003இல் அதைவிடப் பல கிலோ கூடுதலாக வந்த கோல்மனைவிட உயர்வாக வைப்பவர்களும் உண்டு. நானும் அவர்களில் ஒருவன். அந்தக் கூடுதல் எடையில் இடுப்பின் ஒடுக்கம் போய்விட்டது என்பது என் கண்ணுக்குப் படுகிறது.

எனவே பெயரைச் சொல்லி ஒப்பிடுவது பொருளற்றது. ஓர் ஆண்டை, ஓர் இரவைச் சொல்லுங்கள். அந்த இரவில் மேடையில் இருந்த உடலைப் பற்றிப் பேசலாம்.

மூன்றாம்வரிசை எழுதியது:

ஓர் இரவு என்றால் அந்த இரவுக்குக் கொடுத்த விலையையும் சேர்த்துப் பாருங்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. யேட்ஸ் 1994இல் பைசெப்ஸ் கிழிந்தும், 1997இல் டிரைசெப்ஸ் கிழிந்தும் மேடையேறி வென்றார். அந்த 1997தான் அவருடைய கடைசிப் போட்டி. கோல்மனின் முதுகெலும்பிலும் இடுப்பிலும் நடந்த அறுவை சிகிச்சைகள் உலகறிந்தவை. மற்றொரு பக்கம், கிறிஸ் டிக்கர்சன் 1982இலும் ஷான் ரோடன் 2018இலும் 43 வயதில் மிஸ்டர் ஒலிம்பியா வென்றார்கள். நடுவர் தாளில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை என்பது தெரியும். பார்க்கிறவன் மனத்தில் இருக்கிறது.

குட்டைப்பயில்வான் எழுதியது:

இன்னொன்று. நாம் இங்கே அடித்துக்கொள்ளும் கேள்வியைப் போட்டி அமைப்பே ஒருவிதத்தில் ஒப்புக்கொண்டுவிட்டது. 2016இல் மிஸ்டர் ஒலிம்பியாவில் கிளாசிக் பிசிக் என்று தனிப் பிரிவு தொடங்கி, உயரத்துக்கு ஏற்ற எடை வரம்பும் வைத்தார்கள். ஒடுங்கிய இடுப்பு, உள்ளிழுத்த வயிறு, எழுபதுகளின் வடிவம் என்பதே அதன் நோக்கம். 2019 முதல் 2024 வரை தொடர்ந்து ஆறு முறை அதை வென்ற கிறிஸ் பம்ஸ்டெட்டுக்கு, எடை வரம்பு இல்லாத திறந்த பிரிவின் வெற்றியாளரைவிட மிகுந்த புகழ் கிடைத்தது. பிறகு அந்த எடை வரம்பையும் உயர்த்தினார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் மேடைவிளக்கு என்னை விடமாட்டார்.

மேடைவிளக்கு எழுதியது:

விடத்தான் மாட்டேன். வரம்பு வைத்ததும் பருமனுக்கு அஞ்சித்தான். உயர்த்தியதும் பருமனின் மேல் உள்ள ஆசையால்தான். 'ஓர் இரவைச் சொல்லுங்கள்' என்ற இரும்புத்தூசி ஐயாவின் திருத்தத்தை ஏற்கிறேன். அப்படியானால் என் விடை: பின்பக்க இரட்டை பைசெப்ஸ் போஸுக்கு 2003ஆம் ஆண்டுக் கோல்மன், முதுகை விரிக்கும் போஸுக்கு 1993ஆம் ஆண்டு யேட்ஸ், பக்கவாட்டு மார்புக்கு 1974ஆம் ஆண்டு அர்னால்ட். ஹேனிக்கு ஒரு போஸும் தர முடியவில்லை. எதிலும் முதலாக நில்லாமல் எல்லாவற்றிலும் இரண்டாவதாக நிற்பவர் மொத்தக் கூட்டலில் வென்றுவிடுவார் என்பதையும் அறிவேன்.

இருட்டறை எழுதியது:

இந்த உரையாடலுக்குக் காரணமான படத்தை இன்று கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். நால்வரின் உச்சந்தலையையும் தொட்டு ஒரு கோடு இழுத்தேன். பாதங்களைத் தொட்டு இன்னொன்று இழுத்தேன். இரண்டு கோடுகளும் இம்மி பிசகாமல் இணையாகப் போகின்றன. நால்வரும் ஒரே உயரம்! அர்னால்டைக் கோல்மனின் உயரத்துக்குச் சுருக்கியோ, கோல்மனை அர்னால்டின் உயரத்துக்கு இழுத்தோதான் ஒட்டியிருக்க வேண்டும். அர்னால்டின் மணிக்கட்டு அவ்வளவு சிறியதாகத் தெரிவதைப் பார்த்தால், சுருக்கப்பட்டவர் அவர்தான் என்று நினைக்கிறேன். போதாததற்கு, ஹேனியின் மேல் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்தும் மற்ற மூவர் மேல் மேலிருந்தும் விழுகிறது.

இரும்புத்தூசி எழுதியது:

எட்டு சென்டிமீட்டர் வேறுபாட்டை முதல் பதிவில் நானே எழுதினேன். எழுதிக்கொண்டிருந்தபோது அந்தப் படம் பக்கத்துச் சாளரத்தில் திறந்தே இருந்தது.